திரையில் கண்டதும் ஏட்டில் கண்டதும்

கட்டபொம்மன் எப்படி இருந்தார் என்று நம் ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே விடைதான் கிடைக்கும். முறுக்கிய மீசை, உருளும் விழிகள், இடி முழக்கம் போன்ற குரல். அது சிவாஜி கணேசனின் உருவம் என்பதை நாம் மறந்தே போய்விட்டோம். 1799-ல் மறைந்த ஒரு பாளையக்காரருக்கு, 1959-ல் வெளிவந்த ஒரு திரைப்படம் முகமும் குரலும் கொடுத்துவிட்டது. கலையின் வலிமைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அந்த முகமும் குரலும் வரலாறு தந்தவையா, கலைஞர் தந்தவையா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி.

இக்கேள்வி எங்கள் உள்ளத்தில் எழுந்த வரலாற்றை முதலில் சொல்லிவிடுகிறோம். எங்கள் வரலாற்று மன்றம் ஆண்டு விழாவுக்காக முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் பென்னிகுயிக்கைப் பற்றி ஒரு நாடகம் எழுதத் தொடங்கியது. கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு வேறு நாயகர் வேண்டுமா? பணம் போதாமல் அணை பாதியில் நின்றபோது, அவர் தம் மனைவியின் நகைகளை விற்றுக் கட்டி முடித்தார் என்று எங்களுள் ஒருத்தியின் அப்பத்தா சொல்லக் கேட்டிருக்கிறோம். அதையே நாடகத்தின் உச்சக் காட்சியாக எழுதினோம். ஒத்திகையின்போது நகைகளைக் கழற்றிக் கொடுக்கும் இடத்தில் பார்த்தவர்கள் கண்கலங்கினார்கள். வரலாறு கற்பிக்கும் சகோதரியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்தவுடன் கேட்டார்: "எல்லாம் நன்றாக இருக்கிறது, பிள்ளைகளே. இதற்கு ஏடு எங்கே?"

விடை சொல்லத் தெரியாமல் நின்றோம். அதன் பிறகுதான், பெரிய கலைஞர்கள் வரலாற்றைக் கையாண்டபோது என்ன செய்தார்கள் என்று தேடிப் பார்க்க முற்பட்டோம்.

ஏடு என்பது எது?

நடந்த காலத்திலேயே, நடந்ததை அறிந்தவர்களால் எழுதி வைக்கப்பட்டதை ஆவணம் என்கிறோம். அரசாணை, கடிதம், வரிக்கணக்கு, ஒப்பந்தப் பத்திரம், கல்வெட்டு, செப்பேடு, ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு ஆகிய எல்லாம் ஆவணங்களே. கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கலெக்டர் எழுதிய கடிதமும் தளபதி எழுதிய அறிக்கையும் சென்னைக் கோட்டைக்கு வரும். அங்கே அவற்றைப் படியெடுத்துப் பதிவேட்டில் சேர்ப்பார்கள். இன்னொரு படி இலண்டனுக்குக் கப்பலேறும். ஆகையால் அந்நாளைய நிகழ்ச்சிகள் பலவற்றுக்கு எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் சாட்சி உண்டு. இலண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலும் சாட்சி உண்டு.

நம் பள்ளத்தாக்குக்கும் இதில் பெருமை உண்டு. பாண்டியர் வரலாற்றை எழுதுவோர் எவரும் சின்னமனூர்ச் செப்பேடுகளை விட்டுவிட முடியாது. மதுரையில் சங்கம் வைத்ததையும், மகாபாரதத்தைத் தமிழில் ஆக்கியதையும் குறிக்கும் செப்பேடு அங்கே கிடைத்ததுதான்.

ஏட்டில் இருப்பதெல்லாம் மெய் என்றும் எண்ணிவிடக் கூடாது. அதே செப்பேட்டில் அரச குலத்தைத் தேவர் உலகத்தோடு இணைத்துப் பேசும் புகழுரைகளும் உண்டு. எழுதியவன் யார், யாருக்காக எழுதினான், எதை மறைத்தால் அவனுக்கு நன்மை என்று கேட்ட பிறகே ஆவணத்தை நம்ப வேண்டும்.

ஹாலிவுட் செய்த மாற்றங்கள்

கன்னியர் மடப் பள்ளிகளில் படித்தவர்கள் மிக விரும்பிப் பார்க்கும் ஆங்கிலப் படம் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்'. 1965-ல் வெளிவந்தது. மடத்திலிருந்து வந்த மரியா, தாயில்லாத ஏழு குழந்தைகளுக்கு ஆசிரியையாகி, கண்டிப்பான தந்தையின் மனத்தை இசையால் கரைத்து, அவரை மணந்து, நாஜிகளுக்குத் தப்பி மலையேறிச் சுவிட்சர்லாந்து போகிறாள். இது படத்தின் கதை.

அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் அக்குடும்பத்தார் குடியுரிமை கோரிக் கொடுத்த விண்ணப்பங்கள் இருக்கின்றன. அவற்றையும் மரியா எழுதிய நூலையும் வைத்துப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. மரியா வந்தது ஏழு பேருக்காக அல்ல. நோயிலிருந்து தேறிவந்த ஒரு மகளுக்குப் பாடம் சொல்ல மட்டுமே. திருமணம் நடந்தது 1927 நவம்பர் 26-ஆம் நாள். அவர்கள் ஆஸ்திரியாவை விட்டுப் புறப்பட்டது 1938-ல். இடையில் பதினோராண்டு இல்லறம் நடந்திருக்கிறது. இரண்டு பெண் குழந்தைகளும் பிறந்திருக்கிறார்கள். மூத்த பிள்ளை பெண்ணல்ல, ஆண். தந்தையும் படத்தில் காட்டியது போலக் கடுமையானவர் அல்லர். அதைக் குறித்துக் குடும்பத்தினரே வருந்தினார்கள். மலையேறியும் போகவில்லை, இரயிலேறி இத்தாலிக்குப் போனார்கள். சால்ஸ்பர்க் நகருக்கு அருகிலுள்ள மலையைத் தாண்டினால் வருவது ஜெர்மனியே தவிரச் சுவிட்சர்லாந்து அல்ல!

இதனால் யாருக்கு நட்டம்? மலையா இரயிலா என்பதில் பெரிய நட்டம் இல்லை. தந்தையை நினைத்துப் பாருங்கள். அன்பான ஒரு மனிதரை உலகமெல்லாம் கல்நெஞ்சராக அறியும்படி செய்துவிட்டார்கள். மறுத்துப் பேச அவர் உயிரோடும் இல்லை.

1966-ல் வந்த 'எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்' இன்னொரு வகை. அரசனுக்காக மனச்சாட்சியை விற்க மறுத்து, 1535 ஜூலை 6-ஆம் நாள் தலை கொடுத்த புனித தாமஸ் மோரின் கதை அது. விசாரணைக் குறிப்புகளையும், அவருடைய மருமகன் ரோப்பர் எழுதிய வரலாற்றையும் ஒட்டி நடப்பதால் படம் பெரும்பாலும் ஏட்டுக்கு உண்மையாக இருக்கிறது. ஆனால் மோருக்கு மூன்று பெண்களும் ஒரு மகனும் உண்டு. படத்தில் மார்கரெட் ஒருத்திதான் தெரிகிறாள். அதிகாரத்தில் இருந்தபோது சமயக் கருத்து மாறுபட்டவர்கள்மீது அவர் எடுத்த கடும் நடவடிக்கைகளும் படத்தில் இல்லை. அவர் நம் திருச்சபையின் புனிதர். ஆனாலும் அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

ஆகவே கலைஞர் வரலாற்றில் மூன்று காரியம் செய்கிறார் என்று கண்டோம். ஒன்றை மாற்றுகிறார், ஒன்றைச் சேர்க்கிறார், ஒன்றை விட்டுவிடுகிறார். இனி நம் நாட்டுக்கு வருவோம்.

கயத்தாற்றுக் கடிதம்

'வீரபாண்டிய கட்டபொம்மன்' முதலில் சிவாஜி கணேசனின் நாடக மன்றம் மேடையேற்றிய நாடகம். சக்தி டி.கே. கிருஷ்ணசாமி எழுதியது. பி.ஆர். பந்துலு அதைப் படமாக்கினார். ம.பொ. சிவஞானம் தலைமையில் ஆராய்ச்சிக் குழு ஒன்றும் துணை நின்றது. 1960-ல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கப் பட விழாவில் சிவாஜி கணேசன் சிறந்த நடிகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலை பெற்றுப் பன்னிரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நாட்டுக்கு, தன் வீரர்களைத் தானே கண்டுகொள்ளும் ஆசை இருந்தது. அந்த ஆசையைப் படம் நிறைவேற்றியது. இதற்கு நாம் நன்றியுடையவர்கள்.

படத்தில் எல்லோருக்கும் மனப்பாடமான காட்சி, கலெக்டர் ஜாக்சனைக் கட்டபொம்மன் சந்திக்கும் காட்சி. வரி என்ற சொல்லையே எரிக்கும் அந்த வசனத்தைப் பேசிப் பரிசு வாங்காத பள்ளி தமிழ்நாட்டில் உண்டா? ஏடு சொல்வது வேறு. ஜாக்சன் கட்டபொம்மனை உடனே பார்க்கவில்லை. ஊர் ஊராகப் பின்தொடர வைத்து, 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில்தான் பார்த்தார். அங்கே கணக்குப் பார்த்தபோது கட்டபொம்மன் பெரும்பகுதியைக் கட்டியிருந்தது தெரிந்தது. நிலுவை 1,080 பகோடாவே. ஆனாலும் அவரை நிற்க வைத்து அவமதித்தனர்; சிறைப்படுத்தவும் முயன்றனர். கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். கட்டபொம்மன் தப்பினார். அமைச்சர் சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார்.

அடுத்து நடந்ததுதான் எங்களை வியக்க வைத்தது. கட்டபொம்மன் உடனே வாளை உருவவில்லை. சென்னை அரசுக்கு முறையீடு எழுதினார். அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. குழு அவரை விசாரித்தது. ஜாக்சன் நடந்துகொண்ட முறையைத்தான் குறை கண்டது. ஜாக்சன் பதவியை இழந்தார். சுப்பிரமணிய பிள்ளை விடுவிக்கப்பட்டார். மனு எழுதி நியாயம் கேட்ட கட்டபொம்மனைப் படம் பார்த்தவர்கள் அறியமாட்டார்கள். எங்களுக்கோ அவர்மீது மதிப்புக் கூடிற்று. நியாயத்துக்கான வழிகளையெல்லாம் முயன்று பார்த்த பிறகு எதிர்த்து நின்றவரின் வீரம் குறைந்த வீரமா?

1799 செப்டம்பர் 5-ஆம் நாள் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். படத்தின் போர்க்காட்சிகள் இராஜஸ்தானத்தில் ஜெய்ப்பூர்ப் பக்கம் எடுக்கப்பட்டவை. ஆதலால் அகன்ற வெளியும் பெரும் அரண்களும் நம் கண்ணில் நிற்கின்றன. மெய்யான கோட்டை மண்ணால் ஆனது. 1801-ல் ஊமைத்துரை அதை மறுபடி எழுப்பினார். அதை நேரில் கண்ட வெல்ஷ் என்னும் படை அதிகாரி, ஏறத்தாழ ஐந்நூறடி நீளமும் முந்நூறடி அகலமும் உள்ள மண்கோட்டை என்றே எழுதியிருக்கிறார். அம்மண் சுவர்தான் பீரங்கிகளைத் திணற அடித்தது. கல்கோட்டையைக் காட்டியதால் படம் வீரத்தைப் பெரிதாக்கவில்லை. குறைத்துவிட்டது என்றே சொல்லவேண்டும். இன்று அங்கே நாம் காணும் நினைவுக் கோட்டை 1974-ல் தமிழக அரசு கட்டியது.

முதல் தாக்குதல் தோற்றது. மேலும் படை வருமுன் கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார். புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்களிடம் பிடிபட்டார். 1799 அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில், கூட்டி வைக்கப்பட்ட பாளையக்காரர்களின் கண்ணெதிரே தூக்கிலிடப்பட்டார்.

தூக்கு மேடையில் கட்டபொம்மன் நீண்ட வசனம் பேசுவதைப் படத்தில் கண்டோம். அன்று அங்கே நின்ற பானர்மேன் சென்னை அரசுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. திருநெல்வேலி வரலாற்றை 1881-ல் எழுதிய பிஷப் கால்டுவெல் அதைத் தம் நூலில் எடுத்துக் காட்டியிருக்கிறார். அக்கடிதத்தின்படி, விசாரணை முழுவதும் கட்டபொம்மன் கலங்காமல் நின்றார். எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் வெறுப்போடு நோக்கினார். மரத்தடிக்கு நிமிர்ந்த நடையோடு போனார். போகும் வழியில் வாய் பேசாத தம் தம்பியைப் பற்றிக் கவலைப்பட்டார். மரத்தடியில் நின்றபோது, கோட்டையை விட்டு வந்ததற்காக வருந்தினார். அதைக் காத்து அங்கேயே மடிந்திருக்கலாமே என்றார்.

தோழியரே, இதை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். எழுதியவர் கட்டபொம்மனின் நண்பர் அல்லர், தூக்கிலிட ஆணையிட்டவர். கட்டபொம்மனைப் புகழ்வதால் அவருக்கு ஒரு நன்மையும் இல்லை. அதனால்தான் அச்சாட்சி கனமானது. சாகப் போகும் நேரத்தில் தம்பியை நினைத்த அண்ணன் வெள்ளித்திரை வீரரைவிட நம் நெஞ்சுக்கு நெருக்கமானவர் அல்லரா?

எட்டப்பன் என்ற சொல்

சேர்ப்பதும் மாற்றுவதும் தீங்கில்லாத விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல்லை நினைவூட்டுகிறோம். 'எட்டப்பன்.' காட்டிக்கொடுப்பவனுக்குத் தமிழில் இன்று அதுவே பெயர். வகுப்பில் ஆசிரியையிடம் கோள் சொன்னவளைக்கூட நாங்கள் அப்படி அழைத்திருக்கிறோம், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

ஏடு என்ன சொல்கிறது? எட்டயபுரத்தாருக்கும் பாஞ்சாலங்குறிச்சியாருக்கும் எல்லைத் தகராறும் பழம்பகையும் இருந்தன. எட்டயபுரத்தார் கம்பெனியின் பக்கம் வெளிப்படையாகவே நின்றார்கள். கட்டபொம்மனைப் பிடிக்க மிகவும் முயன்றார்கள் என்று பானர்மேனே சொல்கிறார். அது பெருமைக்குரிய செயல் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் உடனிருந்து உண்டு, நம்பவைத்துக் காட்டிக்கொடுத்த யூதாசின் செயல் வேறு. வெளிப்படையான பகைவன் எதிரியோடு சேர்வது வேறு. பிடித்துக் கொடுத்ததும் எட்டயபுரம் அல்ல, புதுக்கோட்டை. அந்தப் பெயரோ வசையாக வழங்கவில்லை. ஒரு குடும்பத்தின் பட்டப்பெயரை நாடகமும் திரையும் ஊரறிந்த வசையாக்கிவிட்டன. பாரதியார் பிறந்த ஊரும் அந்த எட்டயபுரந்தான்.

இந்தக் கதைகள் நமக்குத் தொலைவானவையும் அல்ல. போடிநாயக்கனூர், கண்டமநாயக்கனூர், எரசக்கநாயக்கனூர் எல்லாம் மதுரை நாயக்கர் காலத்துப் பாளையங்களே. நாளை யாரேனும் நம் ஊர்ப் பாளையக்காரர் ஒருவரைப் பற்றிப் படமெடுத்து, ஏட்டில் இல்லாத ஒரு பழியை நம் பாட்டனார் தலையில் சுமத்தினால் நாம் பொறுப்போமா? "உனக்கு விருப்பமில்லாததைப் பிறருக்குச் செய்யாதே" என்பது தோபித்து நூலின் அறிவுரை. இறந்தவர்களும் நமக்குப் பிறரே. பொய்ச்சாட்சி சொல்லாதே என்னும் கற்பனை அவர்களுக்கும் பொருந்தும்.

மறுபடியும் எங்கள் நாடகம்

இவ்வளவும் படித்தபின் எங்கள் நாடகத்தைத் திரும்ப எடுத்தோம். பெரியாறு அணைக்கு ஏடுகள் ஏராளம். தண்ணீரைக் கிழக்கே திருப்பும் எண்ணம் 1789-லேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்பப் பிள்ளைக்கு இருந்தது. 1886 அக்டோபர் 29-ஆம் நாள் திருவிதாங்கூரோடு குத்தகைப் பத்திரம் எழுதப்பட்டது. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு ஐந்து ரூபாய், 999 ஆண்டுகள். 1887-ல் வேலை தொடங்கியது. 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார். அங்கே வேலை பார்த்த பொறியாளர் மெக்கன்சி 1899-ல் அத்திட்டத்தின் வரலாற்றை நூலாகவே எழுதினார். வேலை சென்னை அரசின் பொதுப்பணித் துறை வேலை. பணம் அரசுப் பணம்.

நகை விற்ற செய்தி நம் பாட்டிமார்களின் வாயில் வாழ்கிறது. அதற்கு அந்நாளைய பத்திரம் எதையும் எடுத்துக் காட்டுவார் இல்லை. எங்களுக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அந்தக் காட்சியை எடுத்துவிட்டால் நாடகத்தின் உயிரே போய்விடும் என்று எங்களில் பாதிப் பேர் வாதாடினார்கள். பொய்யைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவதா என்று மறுபாதி கேட்டது. சண்டை இரண்டு நாள் நீடித்தது.

முடிவில் ஏட்டையே மறுபடி புரட்டினோம். அங்கே நாங்கள் தேடாத ஒன்று கிடைத்தது. காட்டுக்குள் மலைக்காய்ச்சலில் விழுந்த கூலியாட்கள், வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போன தற்காலிக அணைகள், மறுபடி மறுபடி கட்டிய கைகள், கொச்சியிலிருந்து வந்த தச்சர்கள், சுண்ணாம்பும் சுர்க்கியும் சுமந்தவர்கள். எங்கள் நாடகத்தில் இவர்களுக்கு ஒரு வசனங்கூட இல்லை! ஒரு துரையின் நகைப்பெட்டியை எண்ணிக்கொண்டிருந்த நாங்கள், நம் மண்ணின் மக்கள் கொடுத்த உயிரைக் கணக்கில் வைக்கவில்லை. இல்லாததைச் சேர்க்கப் போய், இருந்ததை விட்டுவிட்டிருந்தோம்.

ஆகவே நாடகத்தை இப்படி மாற்றி அமைத்தோம். நடுக் காட்சி வெள்ளத்தில் அடித்துப் போன அணையை மறுபடி கட்டும் கூலியாட்களுடையது. பென்னிகுயிக் அவர்களோடு மழையில் நிற்கிறார். நகைக் கதையையும் நாங்கள் தள்ளிவிடவில்லை. கடைசிக் காட்சியில், வயலோரத்தில் உட்கார்ந்து ஓர் அப்பத்தா பேத்திக்குக் கதை சொல்கிறாள்: "பொஞ்சாதி நகையை வித்துக் கட்டினாராம்டி." பேத்தி கேட்கிறாள்: "நெசமா, அப்பத்தா?" அப்பத்தா வாய்க்காலைக் காட்டிச் சொல்கிறாள்: "அது எனக்குத் தெரியாது. இந்தத் தண்ணி நெசம்."

நகைக் கதை மெய்யோ இல்லையோ, மக்கள் அதைச் சொல்கிறார்கள் என்பது மெய். ஓர் அந்நியரின் படத்தை வீட்டுச் சுவரில் மாட்டி, பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்து, தைப்பொங்கலன்று அவர் பிறந்த நாளைக் கொண்டாடும் நன்றியும் மெய். அந்த நன்றிதான் கதையாக வளர்ந்தது. அதைக் கதையாகவே காட்டினால் குற்றமில்லை. நடந்ததாகக் காட்டினால்தான் குற்றம்.

மூன்று கேள்விகள்

இனி வரலாற்றுப் படமோ நாடகமோ பார்க்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகிக்கொள்வோம்.

முதலாவது, இதற்கு ஏடு உண்டா? இருந்தால் அதை எழுதியவர் யார், ஏன் எழுதினார்?

இரண்டாவது, ஏடு பேசாத இடத்தைக் கலைஞர் கற்பனையால் நிரப்பினாரா, அல்லது ஏடு பேசும் இடத்தில் அதற்கு மாறாகப் பேசினாரா? முன்னது அவருடைய உரிமை. பின்னதற்கு அவர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர்.

மூன்றாவது, இந்தக் கற்பனையால் யார் தலையிலாவது பழி விழுகிறதா? யாருடைய உழைப்பாவது மறைகிறதா?

இக்கேள்விகளோடு பார்த்தால் படத்தின் சுவை குறைந்துவிடும் என்று சிலர் அஞ்சலாம். எங்களுக்கு அப்படி ஆகவில்லை. கட்டபொம்மன் படத்தை மறுபடியும் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். அந்த வசனம் வந்தபோது முன்போலவே மெய்சிலிர்த்தது. தூக்குக் காட்சியில், வாய் பேசாத ஒரு தம்பியின் நினைவு எங்களுக்குக் கூடுதலாக வந்தது. அன்று எங்களில் யாரும் யாரையும் எட்டப்பன் என்று அழைக்கவில்லை.

தோழியரே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பழைய பட்டாவோ, கடிதமோ, பங்கு ஆலயத்தில் கொடுத்த ஞானஸ்நானச் சான்றோ இருக்கலாம். கரையானுக்கு விடாதீர்கள். உங்கள் பாட்டி சொல்லும் கதையையும் இன்றே ஒரு நோட்டில் எழுதி, சொன்னவர் பெயரையும் நாளையும் குறித்து வையுங்கள். நாளைக்கு நம் ஊர் வரலாற்றை எழுதப் போகிறவள் உங்கள் பேத்தியாக இருக்கலாம். "இதற்கு ஏடு எங்கே?" என்று அவளை யாரேனும் கேட்டால், எடுத்துக் காட்ட அவள் கையில் ஒன்றாவது இருக்கட்டும்.

— வரலாற்று மன்றத்தினர்